தின்னரும் அரை மாத்திரையும்

எம் பேரு கந்தப்பன். நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில பெயிண்டரு. முப்பத்தி ரெண்டு வருசமா இதே வேலைதானுங்க. ஆனா நான் சொல்லப் போறது என்னப் பத்தி இல்ல, என்ற ஊட்டுக்காரி சௌந்திரத்தப் பத்தி. இதுல நான் வர்றது ஒரு மடையனாத்தான். அத நானே மொதல்ல சொல்லிப்புடறேன். அப்பறம் நீங்க தனியாச் சொல்ல வேண்டியதில்ல பாருங்க.

சௌந்திரம் தார்ப்பாய் தைக்கிறவ. லாரியில லோடு ஏத்தி மேல மூடறாங்கல்லங்க, அந்தப் பாயி. எங்க பட்டறைக்கு அடுத்தாப்புல இருக்கற தகரக் கொட்டாயிதான் அவ கடை. ரெண்டு மிசினு, அத ஓட்ட ரெண்டு பொம்பளைங்க. பாயோட ஓரத்துல கயிறு வெச்சுக் கோணி ஊசியில கையால தைக்கிற வேலை மட்டும் அவளுது. வேற யாரையும் தொட உடமாட்டா. "நீ தெச்சா மழைத்தண்ணி மதிக்காது புள்ள, நேரா உள்ள வந்துரும்"னு சொல்லீட்டு ஊசியப் புடுங்கிக்குவா. பேச்சுக் கம்மி, புடிவாதம் எச்சு. கொல்லிமலைய நவுத்தினாலும் நவுத்தலாம், அவ ஒண்ண நெனச்சுட்டா நவுத்த முடியாது.

அப்பறம் அவ முடி. அதச் சொல்லாம இந்தக் கதையே இல்லீங்க. ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் அணைக்கட்டுல வெச்சுத்தான் நான் அவள மொதல்ல பாத்தேன். மூஞ்சியப் பாக்கல. காவேரியில குளிச்சுட்டு முதுகக் காட்டி நின்னு முடியத் தொவட்டிக்கிட்டு இருந்தா. முட்டி வரைக்கும் தொங்குச்சு. அங்கயே எங்கக்கா சின்னாயிகிட்ட, கட்டுனா அந்தப் புள்ளையத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டேன். "மொதல்ல மூஞ்சியப் பாருடா, தலகாணிக்கா பஞ்சு வாங்கற"ன்னு எங்கக்கா கேட்டா. அப்பறந்தான் மூஞ்சியப் பாத்தேன். எனக்கு முப்பது வயசுலயே மண்டை காலியாயிருச்சு. அதனால ஊட்டுல இருக்கற முடியெல்லாம் அவளுதுதான், இருந்தாலும் அதுல எனக்கும் ஒரு பங்குண்டுன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துக்கிட்டே இருந்துச்சு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவளுக்கு மூச்சு வாங்க ஆரமிச்சுது. கடைக்கு நாலு படிதான், அத ஏறறதுக்குள்ள நின்னு நின்னு ஏறுனா. சின்ன வயசுல வந்த காய்ச்சலு இருதயத்துல ஒரு வால்வச் சுருக்கிப்புடுச்சாம். கோயமுத்தூருல நெஞ்சத் தொறந்து, பழச எடுத்துப்போட்டு இரும்பு வால்வு வெச்சாங்க. இரும்புன்னுதான் நான் சொல்லுவேன், என்ன உலோகமோ. பக்கத்துல குக்காந்தா டிக் டிக்குன்னு கேக்கும். பஸ்ஸுல போனா பக்கத்து சீட்டு ஆளு கடியாரத்தத் தேடும்.

அந்த வால்வு மேல ரத்தம் ஒறைஞ்சு கட்டியாகாம இருக்க, ஆயுசுக்கும் தெனம் ஒரு சின்ன மாத்திரை. பொழுதோட, சாயங்காலம் ஏழு மணிக்கு. ஒரு நாளும் தப்பக் கூடாது. மாசம் ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணி, ஒறையற அளவு சரியா இருக்குதான்னு பாத்துக்கோணும். டிஸ்சார்ஜ் அன்னைக்கி அந்த நர்சம்மா உக்கார வெச்சு அரை மணி நேரம் பொறுமையாச் சொல்லுச்சு. நான் மண்டைய மண்டைய ஆட்டுனேன். அத்தனையிலயும் என்ற காதுல தங்குனது ஒரே ஒரு வார்த்தை. "இது பிளட் தின்னருங்க."

தின்னரப் பத்தி எனக்கா தெரியாது? காலையில எந்திரிச்சா ராத்திரி படுக்கற வரைக்கும் என்ற கையில அடிக்கற வாசனையே அதுதான். பெயிண்ட் கெட்டியா இருந்தா தின்னர் ஊத்தி எளக்கோணும். கம்மியாப் போனா பிரஷ்ல இழுக்காது. எச்சாப் போனா ஒழுகும், தகரத்துல புடிப்பு நிக்காது, ரெண்டு மழைக்கு உரிஞ்சு வந்துரும். பழைய லாரியில பெயிண்டச் சொரண்டறதுக்கே தின்னரத்தான் தடவுவோம். அப்பேர்ப்பட்ட சாமானத் தெனம் ஒண்ணு உள்ள அனுப்பறாங்களேன்னு எனக்கு அன்னைக்கே ஒரு கலக்கம். வெளிய சொல்லல.

சௌந்திரத்துக்கு அந்தக் கலக்கமெல்லாம் இல்ல. மூணு மாசம் சும்மா இருன்னாங்க, இருந்தா. நாலாவது மாசம் ஒண்ணாந்தேதி கடையத் தொறந்துட்டா. ஊசி குத்துனா ரத்தம் நிக்க நேரமாகும்னு சொல்லியிருந்தாங்க. அதுக்காக வேலைய உட்டாளா? செருப்புத் தைக்கிறவருகிட்டப் போயி அஞ்சு வெரலுக்கும் தோலுல உறை தெச்சு வாங்கி மாட்டிக்கிட்டா. பல்லுப் புடுங்கறதுன்னாக் கூட இந்த மாத்திரையச் சொல்லீட்டுத்தான் உக்காரோணும்னு, பேரும் மாத்திரையும் எழுதுன அட்டை ஒண்ணு ஜாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருப்பா. கீரையக் கூட ஒரு நாளைக்கி அள்ளிப் போட்டுக்க மாட்டா, தெனமும் ஒரே அளவுதான். அது மாத்திரையோட மல்லுக்கு நிக்குமாம்.

மாத்திரைய மட்டும் நாந்தான் குடுப்பேன். நெஞ்சுல தையல் இருந்தப்ப கைய அழுத்தி அட்டையில இருந்து எடுக்க முடியலீன்னு ஆரமிச்ச பழக்கம், அப்படியே நின்னு போச்சு. ஏழு மணிக்கு அவ உள்ளங்கைய நீட்டுவா. நான் வெப்பேன். பாக்கக் கூட மாட்டா, வாயில போட்டுத் தண்ணிய ஊத்திக்குவா. முப்பது வருசம் குடும்பம் நடத்துனதுல, ஒரு பொம்பளை என்ன நம்புனதுக்கு அதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்.

அஞ்சாவது மாசம் முடி கொட்ட ஆரமிச்சுது. சும்மா சீப்புல நாலு முடி வர்றதில்லீங்க, கொத்துக் கொத்தா. தலகாணியில, பாத்ரூமுல தண்ணி போற சல்லடையில, சாப்பாட்டுல. தார்ப்பாய்ல தெச்ச கயித்தோட கூடப் பின்னிக்கிட்டுக் கெடக்கும், அவளே நெகத்துல புடிச்சு இழுத்து எடுப்பா. மூணு மாசத்துல ஜடை சாட்டைக் கயிறு தடிமனுக்கு வந்துருச்சு. வகிடு ஒரு வெரல் அகலம்.

எங்கக்கா சின்னாயி ஒரு நாள் ஊட்டுக்கு வந்தா. வாசல்ல செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே, "ஏ அம்மணி, எங்க தம்பி அந்த முடியப் பாத்துத்தான உன்னக் கட்டுனான், இப்ப என்னத்தப் பாப்பான்"னு கேட்டா. வெளையாட்டுத்தான். சௌந்திரமும் சிரிச்சா. எனக்குத்தான் சுருக்குன்னு வந்து, எங்கக்காகிட்டக் கத்தித் தீத்துட்டேன். அவ காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டா. ஏன் அத்தன கோவம் வந்துச்சுன்னு அப்ப எனக்கே தெரியல. இப்பத் தெரியும். அக்கா கேட்டது சரியான கேள்வி.

சௌந்திரம் அந்த மாசம் டெஸ்டுக்குப் போனப்ப இங்கத்த டாக்டருகிட்டயே கேட்டுட்டு வந்தா. "மாத்திரையினால இருக்கலாமாம் மாமா. ஆபரேசன் பண்ணுன அசதியில கொட்டுறதாவும் இருக்கலாமாம். ரத்தச்சோகை, தைராய்டு எதுனா இருக்குதான்னும் பாக்கறேன்னாரு. நெறையப் பேருக்கு தானா நின்னுருமாம். எதுவா இருந்தாலும் மாத்திரைய மட்டும் நிறுத்தப்படாதுன்னாரு. போனாப் போவுது"ன்னா. சொல்லீட்டுச் சீப்புல இருந்த முடிய உருண்டையாச் சுருட்டிக் குப்பையில போட்டா.

மாத்திரையினால இருக்கலாம். அந்த ஒண்ணு போதாதுங்களா எனக்கு? நாந்தான் அன்னைக்கே நெனச்சனே. தின்னர் எச்சாப் போச்சு, புடிப்பு நிக்கல, உரிஞ்சு வருது. டாக்டருக்கு வைத்தியந் தெரியும், தின்னரப் பத்தி அவருக்கு என்ன தெரியும்னு என்ற புத்தி போச்சுங்க.

அப்பவும் நான் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். ஒரு நாள் கண்ணாடி முன்னாடி அவ நின்னுட்டிருந்ததப் பாத்தேன். வகிட்டு மேல ரெண்டு கையும் வெச்சு, முடிய அக்கட்டால இக்கட்டால ஒதுக்கி, நெம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. நான் வந்தது கூடத் தெரியல. இவ வாயில போனாப் போவுதுன்னு சொல்லீட்டு உள்ள வெந்துக்கிட்டு இருக்கறான்னு நான் முடிவு கட்டிட்டேன். அன்னைக்குப் பொழுதோட, பட்டறையில இருந்து ஒரு பிளேடு கொண்டாந்து, மாத்திரைய ரெண்டா வெட்டுனேன். எளக்குனது எச்சாப் போச்சுன்னா தின்னரக் கொறைக்கோணும், அவ்வளவுதான கணக்கு. அரைய அவ உள்ளங்கையில வெச்சேன். அவ பாக்கல. முழுங்கிட்டா.

பத்தொம்பது நாள். நாள் தவறாமக் குடுத்தேன், அதுல ஒரு பெருமை வேற. முடி கொட்டறது கொறைஞ்ச மாதிரியே எனக்குத் தெரிஞ்சுது. சல்லடையக் குனிஞ்சு பாத்து, நேத்தைக்கி இன்னைக்கி கம்மின்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

இருவதாவது நாள், மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். நான் ஒரு டிப்பருக்குப் பின்கதவுல எழுத்து எழுதிக்கிட்டு இருந்தேன். அடுத்த கொட்டாயில மிசினு ரெண்டும் ஒரே நேரத்துல நின்னுச்சு. "அண்ணா, அக்காவப் பாருங்க"ன்னு ஒரு சத்தம். ஓடிப் போயிப் பாத்தா, சௌந்திரம் பாயி மேல குக்காந்திருக்கறா. ஊசி கீழ கெடக்குது. வலது கையத் தூக்கறா, அது வரமாட்டீங்குது. என்னப் பாத்து மாமான்னு கூப்புட வாயத் தொறந்தா. வந்தது மாமா இல்ல. கொழந்தைங்க பேசற மாதிரி என்னமோ வந்துச்சு. பட்டறை ஓனரு சந்திரசேகரோட காருல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கதவுல நான் எழுதுனது பாதியிலயே நின்னுச்சு.

வழியிலயே கை அசைய ஆரமிச்சுது. ஆஸ்பத்திரி போயிச் சேர்றப்ப பேச்சும் திரும்பிருச்சு, கொஞ்சம் கொழகொழன்னு. மூளைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. அவ வழக்கமாப் பாக்கற டாக்டரே வந்தாரு. கையில ரத்த ரிப்போர்ட்டு. "ரத்தம் ஒறையற அளவு மூணு கிட்ட இருக்க வேண்டியது ஒண்ணு புள்ளி மூணு இருக்குதுங்கம்மா. மாத்திரை போடாத மாதிரி இருக்குது. எத்தன நாளா உட்டீங்க?"ன்னு கேட்டாரு.

சௌந்திரத்துக்குக் கோவம் வந்துருச்சு. நாக்கு இன்னும் சரியாத் திரும்பல, அதோட சொல்றா. "ஒரு நாள் உட்டதில்லீங்க. என்ற ஊட்டுக்காரரு தெனமும் ஏழு மணிக்கு அவரு கையாலயே எடுத்துக் குடுப்பாருங்க. வேணும்னா அவரையே கேளுங்க."

டாக்டரு என்னப் பாத்தாரு. அவ என்னப் பாக்கக் கூட இல்ல, அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. கட்டிலப் புடிச்சுக்கிட்டு, "அரை மாத்திரைதானுங்க குடுத்தேன்"னு சொன்னேன்.

அப்பறம் எல்லாத்தையும் சொன்னேன். முடி, தின்னர், பிளேடு, பத்தொம்பது நாளு. டாக்டரு குறுக்க பேசல. முடிச்ச பொறவு சொன்னாரு. "பேருதானுங்க தின்னர். அது ரத்தத்தத் தண்ணியாக்கறது இல்ல. ரத்தம் கட்டறத லேட் பண்ணும், அவ்வளவுதான். நீங்க கொறைச்சதுல வால்வுல சின்னக் கட்டி கட்டி, அதுல ஒரு துணுக்குத் தலைக்குப் போயிருக்குது. அதுவாக் கரைஞ்சுருச்சு. கரையாமப் போயிருந்தா கை, பேச்சு ரெண்டும் போயிருக்கும். வால்வே அடைச்சிருந்தா ஆளே இல்ல."

எனக்கு அழுகையும் ஆத்தரமும் ஒண்ணா வந்துச்சு. "தண்ணியாக்காதுன்னா அதுக்கு ஏனுங்க தின்னர்னு பேரு வெச்சீங்க?"ன்னு அவருகிட்டயே கத்திட்டேன். பாவம் அந்த மனுசன், அவரா வெச்சாரு. "நாயமான கேள்விதான். ஆனா அத வெட்டறதுக்கு முந்தி கேட்டிருக்கோணும்"னாரு.

ஆறு நாள் ஊசி போட்டு வெச்சிருந்தாங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அந்த ஆறு நாள்ல சௌந்திரம் எங்கிட்டத் தண்ணி கேட்டா, போர்வை கேட்டா, கடைச் சாவிய யாருகிட்டக் குடுத்தீங்கன்னு கேட்டா. மாத்திரையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. திட்டியிருந்தா நான் பொழச்சிருப்பேன்.

ஊட்டுக்கு வந்த அன்னைக்கிதான் வாயத் தொறந்தா. நான் முன்னாடி போயி குக்காந்து, "நீ கண்ணாடி முன்னாடி நின்னதப் பாத்தேன் புள்ள. உன்ற வெசனம் தாங்காமத்தான்"னு ஆரமிச்சேன்.

"என்ன வெசனம்? யாருக்கு?"ன்னா.

"முடி போறதுக்கு."

"அன்னைக்கி நான் அழுதுட்டா நின்னேன்? கழுத்தோட வெட்டுனா எப்படி இருக்கும்னு ரோசனை பண்ணீட்டு நின்னேன் மாமா. வேலை நேரத்துல ஊசியில எல்லாம் சிக்கி இம்சை. வெட்டிப்புட்டா உங்களுக்குத் தாங்காதேன்னுதான் அந்த எலிவாலக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்"னா. அப்பறம், "முடிக்கு அழுதது நான் இல்லீங்க, நீங்க. வழுக்கை மண்டைய வெச்சுக்கிட்டு என்ற முடிக்கு என்ன கவலை உங்களுக்கு? உங்க மண்டைக்கு நான் எந்த மாத்திரைய வெட்டுனேன்?"

நான் என்ற வழுக்கை மண்டையத் தடவிக்கிட்டேன்.

"செவுரு இருந்தாத்தான சித்திரம் எழுத முடியும். பெயிண்டருக்கு அத நாஞ் சொல்லித் தரோணுமா?"ன்னா. சத்தம் போடாமத்தான் சொன்னா. கண்ணுல தண்ணி நின்னுச்சு. அவ கண்ணுல தண்ணியப் பாத்தது ஆபரேசனுக்குப் போறப்பக் கூட இல்லீங்க. நான் அவ கால்மாட்டுலயே குக்காந்து அழுதேன், வெக்கப்படாம.

அடுத்த நாளே முடிய வெட்டோணும்னா. எங்கக்கா சேதி கேட்டு வந்திருந்தா, சாமிக்கு மொட்டை போட்டுடலாம்னு சொன்னா. "கத்தி மண்டையில பட்டு ரத்தம் வந்தா லேசுல நிக்காதுங்கண்ணி. சாமிக்கு என்ற கஷ்டம் தெரியும்"னு சௌந்திரம் முடிச்சுட்டா. மோகனூரு ரோட்டுல ஒரு பியூட்டி பார்லருக்கு நானே வண்டியில கூட்டிக்கிட்டுப் போனேன். கத்திரிக்கோலுல கழுத்தோட வெட்டச் சொன்னா. அந்தப் புள்ள ஜடைய எங்கிட்ட நீட்டுச்சு, என்ன பண்றதுங்கன்னு. நான் கையில வாங்குனேன். எடையே இல்ல. இதுக்காகவா ஒரு மனுசியக் கொல்லப் பாத்தேன்னு இருந்துச்சு. அங்கயே குப்பைக்கூடையில போட்டுட்டேன்.

நெசத்தச் சொன்னா, அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. காது தெரியுது. இத்தன வருசத்துல அவ காத நான் ஒழுங்காப் பாத்ததே இல்லீங்க.

மறுவாரம் கடையத் தொறந்தா. வலது கை இன்னும் கொஞ்சம் மரமரன்னு இருந்துச்சு. அதுக்காக ஊசிய அந்தப் பொம்பளைங்ககிட்டக் குடுத்தாளா? ஒரு ஓரம் தைக்க முந்தி ஒரு மணி நேரம்னா, இப்ப ரெண்டு மணி நேரம். கோணலாப் போனாப் பிரிச்சுத் தெப்பா. ரெண்டு மாசத்துல பழைய வேகம் வந்துருச்சு. தைராய்டு டெஸ்டுல ஒண்ணுமில்ல, ரத்தம் கொஞ்சம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க. கொட்டறதும் கொறைஞ்சுது. நெத்தி ஓரத்துல புது முடி குட்டி குட்டியா மொளைச்சு நிக்குது. அது வளருமோ வளராதோ, நான் குனிஞ்சு பாக்கறத உட்டுட்டேன்.

ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்த மொத நாளே மாத்திரை டப்பாவ அவகிட்டக் குடுத்தேன். "இனி நீயே போட்டுக்க சாமி, எங்கையால வேண்டாம்"னு சொன்னேன். அவ வாங்கல. "நீங்களே குடுங்க. குடுக்காமத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களா?"ன்னா.

இப்பவும் பொழுதோட ஏழு மணிக்கு அவ உள்ளங்கைய நீட்டுவா. நான் வெப்பேன். ஆனா முந்தி மாதிரி வாயில போட்டுக்கறதில்ல. மாத்திரைய ரெண்டு வெரல்ல புடிச்சு, லைட்டு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பா. அப்பறம் என்னப் பாத்துக் கேப்பா. "முழுசுங்களா?"

"முழுசு"ம்பேன். அப்பறந்தான் முழுங்குவா.

வருசம் ஒண்ணாச்சு. ஒரு நாள் கூட அவ கேக்காம முழுங்குனதில்ல. கேக்கறப்பெல்லாம் எனக்கு உள்ள குத்துது. குத்தட்டும். இன்னும் முப்பது வருசத்துக்கு அவ கேக்கோணும், நான் சொல்லோணும்.